நீளமான பொருள் பெயர்கள் பற்றி நம் பில்லிங் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

"தமிழில் நீளமாகப் பெயர் போட்டால் சரக்கையே அழித்துவிடுகிறது" என்று நம் சாப்ட்வேரைப் பற்றி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரமாகச் சுற்றுகிறது. உங்களில் பலர் எனக்கே அனுப்பிக் கேட்டீர்கள்.

அழிக்கவில்லை. யாருடைய பழைய கணக்கும் போகவில்லை. நம் சாப்ட்வேர் எல்எம்டிபி (LMDB) என்ற லைப்ரரியில்தான், அதாவது தகவலைச் சேமித்துத் தேடித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பில்தான், கணக்கை வைக்கிறது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கீ, அதாவது அதைத் தேடி எடுக்க உதவும் அடையாளம், உண்டு. வழக்கமான அமைப்பில் அந்தக் கீ 511 பைட்டைத் (பைட் என்பது கணினியில் எழுத்துகள் பிடிக்கும் இடத்தை அளக்கும் சிறு அலகு) தாண்டக் கூடாது. தாண்டினால் பெயரைப் பாதியில் வெட்டாது, பழைய பதிவையும் தொடாது. -30781 என்ற பிழை எண்ணைக் கொடுத்து எழுத மறுத்துவிடும். அந்த எண்ணை வாங்கிக்கொண்ட நாங்கள் உங்கள் திரையில் எதுவும் காட்டவில்லை. பொருள் ஏறிவிட்டது என்று நீங்கள் நம்பினீர்கள். தவறு எங்களுடையது. வரம்பை லைப்ரரி மறைக்கவில்லை; நம் கையேட்டில்தான் நான் எழுதாமல் விட்டேன்.

பிரிவு, பெயர், விவரம் மூன்றையும் சேர்த்து ஒரே கீயாக வைத்திருந்தோம். ஆங்கிலத்தில் போட்டவர்களுக்கு இடம் தாராளம். தமிழில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக மும்மூன்று பைட் பிடிக்கும். 'விளக்கு' கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு 21 பைட். கும்பகோணத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி ஒருவர் குத்துவிளக்கின் உயரம், எடை, எத்தனை முகம், மேலே அன்னமா மயிலா என்பதுவரை ஆசையாக எழுதியிருந்தார். அதுதான் ஏறவில்லை. தமிழிலேயே பெயர் போடுங்கள் என்று கடை கடையாகச் சொன்னவன் நான்; அப்படிச் செய்தவர்களுக்கே இப்படி ஆனதுதான் மனதைக் குடைகிறது.

வரம்பைக் கூட்டக் கூடாதா என்று கேட்டீர்கள். லைப்ரரியை அதன் மூல நிரலிலிருந்து திரும்ப உருவாக்கி (கம்பைல் செய்து) கூட்டலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் புதிய வெர்ஷனில் பொருள் எண்தான் கீ. பெயரும் விவரமும் உள்ளே மதிப்பாக, அதாவது அந்தக் கீயின் கீழ் வைக்கும் தகவலாகப் போய்விடும், அங்கே இந்த வரம்பு இல்லை. எது ஏறாவிட்டாலும் திரையில் தமிழிலேயே சொல்லும். கையேட்டின் முதல் பக்கத்திலும் வரம்பை எழுதிவிட்டோம்.

அப்டேட்டை இரவு கடை கட்டிய பிறகு போடுங்கள். அப்புறம், முன்பு ஏறாமல் போன பொருள்களை மட்டும் ஒருமுறை நீங்களே திரும்பப் பதிய வேண்டியிருக்கும்.

குரல் பதிவைக் கேட்டும் சந்தா நிறுத்தாமல், "என்ன தம்பி ஆச்சு?" என்று முதலில் எனக்குப் போன் செய்தவர்களை மறக்க மாட்டேன். ரொம்ப நன்றி.

உங்கள்
பில்லிங் சாப்ட்வேர்க்காரன்