ஆச்சி, இதை மட்டும் பெட்டகத்தில் பூட்டாதீர்கள்

அன்புள்ள ஆச்சிக்கு,

இதயத்தின் பம்பிங் குறைந்துகொண்டே வருகிறது. இன்று தெளிவாகப் பேசுகிறீர்கள், கையெழுத்துப் போடுகிறீர்கள். கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்க இதுதான் வேளை. கல்யாணத்துக்கு இசைகுடிமானப் பத்திரம் எழுதி, சீர் சாமானை ஒன்று விடாமல் பட்டியல் போடுகிற வீட்டில் இது அச்சானியம் ஆகாது.

வக்கீலிடம் போவதற்கு முன்னால் டாக்டரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். நோய் இனி எப்படிப் போகும்? வென்டிலேட்டர் போட்டால் கழற்றி வீடு திரும்ப வாய்ப்பு உண்டா? இதயம் நின்றால் நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழத்துக்கு நெஞ்சை அமுக்குவார்கள். உங்கள் வயதில் விலா எலும்பு முறிவது சகஜம். இதெல்லாம் தெரிந்துகொண்டு முடிவு சொல்லுங்கள்.

“என்னைச் சித்திரவதை பண்ணாதீர்கள்” என்று மட்டும் எழுதினால் ஐசியூவில் யாருக்கும் வழி தெரியாது. நெஞ்சமுக்கல், வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்குக்குழாய் என ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். “மூன்று நாள் வைத்துப் பாருங்கள், தேறாவிட்டால் எடுத்துவிடுங்கள்” என்றும் எழுதலாம். எதை வேண்டாம் என்றாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து தொடரும் என்பதை டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2018 இல் இந்த உரிமையை ஏற்றாலும், மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் கேட்டதால் நடைமுறையில் முடங்கியது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். நீங்கள் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேச, ஒருவருக்கு மேல் பெயர் எழுதலாம். சிங்கப்பூரில் இருக்கும் மூத்தவரை மட்டும் போடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிவரக்கூடிய ஒருவர் முதலில் இருக்கட்டும். இருவரையும் ஒரே நேரத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். பிளேனில் வந்து இறங்குகிறவர் புதிதாகக் கேள்விப்பட்டால் அங்கேதான் சண்டை தொடங்கும்.

சொத்துக்காக யாராவது அவசரப்படுவார்களோ என்ற பயம் வேண்டாம். குணமாக வழியில்லை, உங்களால் முடிவெடுக்கவும் முடியவில்லை என்ற நிலையில்தான் இந்தக் காகிதத்துக்கு வேலை. அப்போதும் சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த குழு பார்க்க வேண்டும்; அதன்பின் வேறு ஆட்கள் கொண்ட இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும்.

வளவு அறையில் பூட்டிவைத்தால், மதுரைக்குப் போகும் ஆம்புலன்ஸ் திருப்பத்தூரைத் தாண்டும்போது இங்கே சாவி தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு நகல் டாக்டரிடம், ஒன்று காரைக்குடி மாநகராட்சியில், ஒன்று ஆஸ்பத்திரி ஃபைலில் ஈசிஜிக்கு மேலே. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் திரும்பப் பெறலாம். அப்போது பழைய நகல்களை எல்லாரிடமும் வாங்கிக் கிழித்துவிடுங்கள்.