பாப்பாவுக்கு, மேட்டூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் கேட்டால் "ம், போகுதுப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. தம்பி பரீட்சை எழுதிவிட்டான். மற்றதெல்லாம் அப்புறம்.

வேலை எப்படி இருக்கிறது கண்ணு? முன்பெல்லாம் ஷிப்ட், மேனேஜர், கேன்டீன் சாம்பார் என்று ஒன்றுவிடாமல் சொல்வாய். தீபாவளிக்குப் பிறகு ஆபீஸ் பேச்சே உன் வாயில் வரவில்லை. போன வாரம் பகல் 11 மணிக்குக் கூப்பிட்டபோது பின்னால் குக்கர் விசில் கேட்டது. லீவு போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அவசரப்பட்டு வேலையை விட்டுவிடாதே.

சிவில் படித்துவிட்டு சோழிங்கநல்லூரில் உட்கார்ந்து யாரோ எழுதிய புரோகிராமில் தப்பு தேடுவது உனக்கு ஒட்டவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆறாவது படிக்கும்போதே அணையின் 16 கண் மதகு முன்னால் நின்றுகொண்டு ஒரு கண்ணில் எத்தனை கனஅடி போகும் என்று இன்ஜினியரையே மடக்கியவள் நீ, இன்னும் செக்‌ஷனில் அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவள் பொங்கலுக்கு வந்து "எதில் இருந்தா என்னப்பா, சம்பளம் வந்தா சரி" என்றாயே, 24 வயதில் பேசுகிற பேச்சா அது?

நான் மட்டும் ஆசைப்பட்டா இந்த அணை வேலைக்கு வந்தேன்? வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது, போய்ச் சேர்ந்தேன். ஜூன் 12 தண்ணீர் திறந்தால் டெல்டாவில் குறுவை நடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு வெறும் பேப்பர் செய்திதான். ஆனி மாசம் அத்தை கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனபோது, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஊரே வயலில் இறங்கியதைப் பார்த்தேன் பார், அதற்கப்புறம்தான் மதகுக்குக் கிரீஸ் போடுவதைக்கூட அக்கறையாகச் செய்யத் தோன்றியது. 2018 ஆகஸ்டில் விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் போனபோது வீட்டுக்கே வராமல் அணையில் கிடந்தேனே, யார் சொல்லியும் இல்லை. நீ சோதித்துக் கொடுக்கிற அந்த ஆப்பை யார் வைத்திருக்கிறார்கள், அது நின்றுபோனால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒருநாளாவது விசாரித்துப் பார். பார்த்தும் ஒட்டவில்லையா, சரி, வேறு யோசிப்போம். டிஎன்பிஎஸ்சி ஏஇ, அதுதான் உதவிப் பொறியாளர் தேர்வு இருக்கிறது. எம்டெக்குக்கான கேட் தேர்வு எழுதினால் அந்த மதிப்பெண் 3 வருஷம் செல்லும், அதற்குள் எம்டெக் சேரலாம். ராத்திரி ஷிப்ட் இல்லாத டீமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு படி. வேலையை மட்டும் அவசரப்பட்டு விடாதே.

பெரியம்மா வந்தால் கனடாவில் மருமகன் வீடு வாங்கின கதைதான். நான் உன்னிடம் வீடா கேட்டேன்? காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ச் செய்யத் தோன்றுகிற மாதிரி ஒரு வேலை உனக்கு வேண்டும், அவ்வளவுதான். உனக்கு அதற்கான மூளை இருக்கிறது.

ஒருவேளை ஏற்கெனவே விட்டுவிட்டாய் என்றால் அதையும் சொல்லிவிடு கண்ணு. திட்ட மாட்டேன், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ரூம் வாடகைக்குப் பணம் போட்டிருக்கிறேன், எதற்கென்று கேட்காதே. பரணில் கிடந்த உன் ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன், பஸ்ஸில் போட்டுவிடவா?

அப்பா