சுறாப் புட்டுக்கு இங்கே வேறு பெயர்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தத் தீவு நாட்டில், செஷல்ஸில், என்ன பாஷை பேசுகிறார்கள் என்று போனில் கேட்டாய். ஒரு வரியில் சொல்ல முடியாத விஷயம், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் இருக்கும் தீவு மாஹே. 1746இல் சென்னையைப் பிடித்தாரே பிரெஞ்சுத் தளபதி மாஹே த லா பூர்தொனே, அவர் பெயரில் பாதி. செஷல்ஸில் முதல் குடியேற்றம் 1770இல், பக்கத்திலுள்ள செயின்ட் ஆன் தீவில். பிரெஞ்சுக்காரர்கள், ஆப்பிரிக்க அடிமைகள், கூடவே ஐந்து இந்தியர்கள். அப்புறம் பிரிட்டிஷ்காரர்கள் வந்தார்கள். அப்போதைய பிரெஞ்சு அதிகாரி கென்சி பலே ஆள், அக்கா. 1794இல் போர்க்கப்பல் வந்ததும் சண்டையே போடாமல் சரணடைந்தார், அது போனதும் பழையபடி பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டார், இதையே பல தடவை செய்தாராம். கடைசியில் 1814இல் பாரிஸ் ஒப்பந்தப்படி தீவு பிரிட்டன் கைக்குப் போனது, ஆனால் பழைய சட்டமும் பழக்கவழக்கமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் 1976இல் சுதந்திரம் கிடைத்த பிறகும் ஆபீஸ் காகிதமெல்லாம் ஆங்கிலம், ஆட்களின் பெயரும் ஊர்ப் பெயரும் பெரும்பாலும் பிரெஞ்சு.

வாயில் இருப்பது இரண்டும் இல்லை, கிரியோல். எஜமானர்களின் பிரெஞ்சை அடிமைகள் தங்கள் வசதிக்கு வளைத்து உண்டாக்கியது. காலத்துக்கு ஏற்றபடி வினைச்சொல் மாறாது, முன்னால் ஒரு சின்னச் சொல் சேர்த்தால் போதும். 'மொன் மான்ஸே' சாப்பிடுகிறேன், 'மொன் தி மான்ஸே' சாப்பிட்டேன், 'மொன் பூ மான்ஸே' சாப்பிடுவேன். அவ்வளவுதான் இலக்கணம் என்று தைரியமாகக் கிளம்பி மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டேன். மீன்காரர் "பூர்ஷ்வா, பூர்ஷ்வா" என்று கத்துகிறார். நம் ஊர்க் கம்யூனிஸ்ட் தோழர்கள் பணக்காரர்களை மேடையில் திட்டுவார்களே, அதே வார்த்தை! என்னைத்தான் சொல்கிறாரோ என்று பார்த்தால், சங்கரா மாதிரி சிவப்பாக ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டுகிறார். விலையும் பெயருக்கு ஏற்றபடிதான்.

வீட்டுப் பேச்சு என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்திருந்த இந்தக் கிரியோலை 1982இல் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். எனக்கு இதில்தான் இந்த ஊர்மேல் மரியாதை.

'பிள்ளை' என்ற பெயர் இங்கே சர்வசாதாரணம். போன வாரம் அப்படி ஒருவரிடம் ஆசையாகத் தமிழில் பேசினேன். சிரித்துவிட்டு "கொமான் சவா?" என்றார், நலமா என்று அர்த்தம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் வீட்டுக்குக் கூப்பிட்டு 'சத்தினி ரெக்கென்' போட்டார். சத்தினி நம் சட்னிதான், ரெக்கென் சுறா. வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் மஞ்சளும் போட்டு வதக்கி, புளிப்புக்குப் பிலிம்பிக்காய்ச் சாறு விட்டிருந்தார்கள். அசல் சுறாப் புட்டு, அக்கா! இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே, நான் இன்னும் கார்த்திகை விரதத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் தம்பி