ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்: ஜப்பான்காரன் காலத்துக் கதைகள்

வணக்கம் உறவுகளே. இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். வந்த ஆறு கதைகளையும் படித்துவிட்டேன். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட அந்த 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில் செத்துப்போன நம் ஆட்களைப் பற்றி நம் பிள்ளைகளே எழுதுவது நெஞ்சை நிறைக்கிறது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு கதைகளில், 1943இல் காலை ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டின்போது கிழக்கு வெளுக்கிறது. ஜப்பானியர் 1942இலேயே மலாயாக் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கணக்கில் நம் பக்கம் பொழுது விடிய எட்டு மணி ஆகிவிடும். ஆறு மணி என்றால் கும்மிருட்டு! அந்த இருட்டையே எழுதுங்கள். கோழி கூவுவது ஒரு நேரம், தோட்டத்துக் கணக்கர் கிராணியின் கடிகாரம் காட்டுவது வேறு நேரம். இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்?

ரிங்கிட் வேண்டாம், வெள்ளி என்றே எழுதுங்கள். கையில் இருந்தது ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு.

பெரியவர்களிடம் பேசப் போகிறவர்கள் வருஷம் கேட்காதீர்கள். என் பாட்டிக்கு அது 'மரவள்ளிக்கிழங்கு தின்ன காலம்', அவ்வளவுதான். "பல் விழுந்த வயசா, சமைஞ்ச பிறகா பாட்டி?" என்று கேட்டால் கணக்கு தானாக வரும். அழுதால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பழைய படங்கள், சம்பளச் சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். அங்கேயே படம் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். பசியாற இட்டிலி உண்டு. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.