நிக்கோலஸ் கேஜுக்கு, அந்தச் சிலந்தி விஷயமாக

அன்புள்ள நிக்கோலஸ் கேஜ் அவர்களுக்கு,

2023-இல் வந்த 'தி ஃப்ளாஷ்' படத்தில் சில நொடிகள் சூப்பர்மேனாக வந்து ராட்சதச் சிலந்தியோடு மோதினீர்களே, எனக்கு எரிச்சல்தான் வந்தது. செட்டில் சும்மா நின்று ஓர் உலகம் அழிவதைப் பார்ப்பதுபோல நடித்ததோடு சரி, சிலந்தியெல்லாம் நான் செய்ததே இல்லை என்று பிறகு நீங்களே சொல்லிவிட்டீர்கள். இந்தச் சிலந்தி உங்களை விடவே விடாது போலிருக்கிறது.

1987-இல் சூப்பர்மேன் படங்களின் நான்காம் பாகம் மண்ணைக் கவ்விய பிறகு, சூப்பர்மேனைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு ஜான் பீட்டர்ஸ் என்ற தயாரிப்பாளர் கைக்கு வந்தது. திரைக்கதை எழுதப் போன கெவின் ஸ்மித் மேடைகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கவைத்த கதை அது. பீட்டர்ஸ் போட்ட நிபந்தனைகள்: சூப்பர்மேன் பறக்கக் கூடாது, அந்த உடையைப் போடக் கூடாது, கடைசியில் ஒரு ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட வேண்டும். போதாக்குறைக்குப் பனிக்கரடிகள் வேறு! பறப்பதையும் உடையையும் கழித்துவிட்டால் மிச்சம் பத்திரிகை ஆபீசுக்குப் போய்வரும் கிளார்க் கென்ட் மட்டும்தானே?

அப்புறம் இயக்க டிம் பர்ட்டன் வந்தார், ஸ்மித் போனார், சூப்பர்மேனாக நடிக்க நீங்கள் வந்தீர்கள். படம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்களுக்கு 2 கோடி டாலர் என்று ஒப்பந்தம். உடை ஒத்திகைப் படங்களைப் பார்த்திருக்கிறேன். தோளில் புரளும் கறுப்பு முடி, பளபளக்கும் நீல உடை, ஒரு படத்தில் கண்கள் பாதி மூடி அசட்டுக் களை. அதை வைத்து இணையமே உங்களைக் கிண்டலடித்தது. அதே ஒத்திகையின் வீடியோவிலோ நீங்கள் வேறு மாதிரி. முதுகில் தொங்கும் சிவப்புப் போர்வையை இழுத்துவிட்டு, பர்ட்டனோடு பேசிக்கொண்டே, அந்தப் பாத்திரம் எப்படி நிற்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். 1998-இல் ஸ்டுடியோ கையை விரித்தது. சுமார் 3 கோடி டாலர் போச்சு. சிலந்தி மட்டும் தப்பித்து மறு வருடமே பீட்டர்ஸ் தயாரித்த 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' படத்தில் இரும்பு உருவில் ஏறிக்கொண்டது.

அடுத்தடுத்து வந்தவர்களும் கரை சேரவில்லை. வுல்ஃப்காங் பீட்டர்சனின் பேட்மேன் - சூப்பர்மேன் மோதல் 2002-இல் கைவிடப்பட்டது. ஜே. ஜே. ஏப்ராம்ஸ் எழுதிய கதையில், சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கிரகம் வெடிக்கவே வெடிக்காது! அதை இயக்க வந்த மெக்ஜி, விமானப் பயத்தால் ஆஸ்திரேலியா போக மறுத்து விலகினார். பறக்கும் ஹீரோவுக்கு வாய்த்த டைரக்டர்! 2006-இல்தான் ஒருவழியாக பிரையன் சிங்கர் ஒரு சூப்பர்மேன் படத்தை முடித்தார்.

உங்கள் படம் வந்திருந்தால் பிரமாதமாக இருந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் சூப்பர்மேனைப் பார்த்துக் கூச்சப்படாதவர் நீங்கள் ஒருவர்தான். லூக் கேஜ் என்ற காமிக்ஸ் நாயகனிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டவர், மகனுக்குச் சூப்பர்மேனின் பிறவிப் பெயரான கால்-எல் என்று பெயர் வைத்தவர்.

அதனால் 'தி ஃப்ளாஷ்' கணக்கில் வராது. 2018-இல் 'டீன் டைட்டன்ஸ் கோ!' கார்ட்டூன் படத்தில் சூப்பர்மேனுக்குக் குரல் கொடுத்தீர்கள். அதே படத்தில் சின்ன வயது பேட்மேனுக்குக் கால்-எல் குரல் கொடுத்தான். என்னைப் பொறுத்தவரை அதுதான் உங்கள் சூப்பர்மேன் படம். அதில் உங்களுக்குச் சிலந்திச் சண்டையும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் ரசிகன்