அப்பாவுக்கு, போஸ்னானிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்க, அம்மா, ஆச்சி எல்லாரும் சுகந்தானே? உங்க கடுதாசியும் அதுக்குள்ள மடிச்சு வச்ச கோயில் கொடைத் திருவிழா நோட்டீசும் வந்து சேர்ந்தது. போன்ல பேசினா உங்களுக்குக் கேக்காது. அம்மாகிட்ட பேசினா "சாப்பிட்டியால, தலைக்கு எண்ணெய் வச்சியால" தாண்டி ஒண்ணும் நகராது. இனி எழுதவே செய்யுதேன். இத்தனை நாள் எழுதலைன்னு ஏசாதீங்க.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கூட இருந்த தென்காசிப் பையன்கள் ரெண்டு பேரும் வேலை மாத்தி வேற ஊருக்குப் போயிட்டாங்க, ரூம் இப்போ நல்ல விசாலமா இருக்கு. போன சனிக்கிழமை உளுந்தஞ்சோறு வச்சேன். கறுப்பு உளுந்து இந்தியன் கடையில கிடைக்கு, எள்ளுதான் தீர்ந்துபோச்சு. சித்திரை பிறந்தும் இந்தச் சவத்துக் குளிர் விடலை. அம்மா குடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் ஜன்னலோரம் கல்லா உறைஞ்சு நிக்கி.

கீழ்வீட்டுக் கிழவரைப் பத்தி அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன். வேலையிலிருந்து ரிட்டயர் ஆன மனுஷர். மாடிப்படியில என்னைப் பாத்தா ஒரு பேச்சும் கிடையாது, தொப்பியை மட்டும் தொடுவாக. ஈஸ்டருக்கு முந்தின வாரம் கதவைத் தட்டி, ஒரு பிளாஸ்டிக் பைப்பை நீட்டி, கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொன்னாக. பாத்தா பீச்சாங்குழல்! நம்ம பயலுக மூங்கில்ல செய்வானுகல்லா, அதேதான். முக்கி இழுக்கணும், தள்ளினா ஒரே பீச்சு, மறுபடி முக்கணும்.

இந்தப் போலந்து நாட்டுல ஈஸ்டருக்கு மறுநாள் திங்கக்கிழமை ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்துறது வழக்கம். ஷ்மிகுஸ் டிங்குஸ்ங்கிறாங்க. முன்காலத்துல இளவட்டங்கள் குமரிப்பிள்ளைகள் மேல ஊத்துவாங்களாம், இப்போ சின்னதுக பெரியதுக எல்லாரும்தான். தண்ணியில கை வைக்க முடியாத குளிர்ல இப்படி ஒரு திருவிழா! கிழவருக்குப் பேரன்மார் மூணு பேர். கடையில வாங்கின துப்பாக்கியோட வந்து வருஷா வருஷம் தாத்தாவை நனைச்சுட்டுப் போறானுகளாம். அதுக்குப் பழிவாங்கணும். நான் பைப் வேலைக்காரர் மகன்னு எப்பவோ சொன்னது அவுகளுக்கு ஞாபகம் இருந்திருக்கு.

அந்தக் கடைத் துப்பாக்கியைக் கண்டுபிடிச்சவர் லோனி ஜான்சன்னு ஒரு அமெரிக்கர், நாசாவிலயும் வேலை பாத்த எஞ்சினியர். 1982-ல குளிர்பதன மிஷினுக்காக வீட்டுக் குளியலறைக் குழாயில என்னமோ சோதிக்கும்போது தண்ணி சீறிப் பாய்ஞ்சுதாம். 1990-ல கடைக்கு வந்திருக்கு. பிரிச்சுப் பாத்தா நம்ம அடிபம்புச் சங்கதிதான்: தொட்டியிலிருந்து தண்ணியை இழுக்க ஒரு வால்வ், அழுத்தினா திரும்பி வராம இருக்க இன்னொரு வால்வ், அந்தப் பக்கம் காத்து அடைச்ச ஒரு அறை. தண்ணி உள்ளே ஏற ஏற காத்து நெருங்கும், திறந்துவிட்டா அந்தக் காத்துதான் தண்ணியை வெளியே தள்ளும்.

அதே மாதிரி ஒண்ணு செய்ய, கிழவர் கழிவுத்தண்ணி பைப்பை அறுத்து வச்சிருந்தாக. நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னுட்டேன். காத்து அடைச்ச பைப் வெடிச்சா சில்லு சில்லாத் தெறிக்கும், அதுவும் குளிர்ல பி.வி.சி. இன்னும் நொறுங்கும். நீங்க "ஆறு கிலோ பைப்பா, பத்து கிலோவா"ன்னு கடையில கேப்பீங்களே, பைப் தாங்குற அந்த அழுத்தத்தை இங்கே பி.என். 10-னு அச்சடிச்சிருக்கு. அதைத் தேடிப்பிடிச்சு வாங்கினோம். பசை போட்டு ஒரு முழு நாள் காயவச்சு, நீங்க லைன் டெஸ்ட் பண்ணுற மாதிரி, காத்தில்லாம தண்ணியை மட்டும் நிறைச்சு முதல்ல அழுத்திப் பாத்தோம். அதுக்குப் பிறகும் காத்து ரெண்டு கிலோவுக்கு மேல ஏத்த நான் விடலை.

பிஸ்டன்தான் பாடாப் படுத்திச்சு. கிழவர் போட்ட ரப்பர் வளையம் குளிர்ல விறைச்சுப்போய் ஓரமெல்லாம் தண்ணி விட்டுது. என் பழைய பூட்சோட நாக்கைச் சதுரமா வெட்டி எடுத்தேன் (புது பூட்ஸ் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இப்போ குளிர் குறையத்தானே போகுது). வெந்நீர்ல ஊறவச்சு, மரக்கட்டை மேல கவுத்தி நூலால இறுக்கிக் கட்டி, காய்ஞ்ச பிறகு கிண்ணமா எடுத்து, உறைஞ்ச தேங்காய் எண்ணெயை விரலால வழிச்சு உள்ளும் புறமும் தேச்சேன். கிண்ணத்தோட வாய் தண்ணிப் பக்கம் இருக்கணும், அப்போதான் அழுத்தம் ஏற ஏற ஓரம் விரிஞ்சு பைப்பைப் பிடிக்கும். நீங்க அடிபம்பைக் கழட்டிப் போட்டுச் சொல்லிக்குடுத்தது. ஒரு சொட்டு கசியலை. கிழவர் என் தோள்ல அறைஞ்ச அறை இன்னும் வலிக்கு.

அப்புறம் ஆசை யாரை விட்டது? துவாரம் சின்னதா இருந்தா தூரம் போகும்னு அவுக கட்சி. 3 மில்லிமீட்டர் போட்டாக, குற்றாலச் சாரல்தான் விழுந்துது. 6 போட்டதும் தண்ணி தடிச்சு, உடையாம, முற்றத்துக் குப்பைத்தொட்டியைத் தாண்டி விழுந்துது, பத்து மீட்டருக்குக் கூடவே இருக்கும். என்ன, சீக்கிரம் காலியாகிப்போகும். தண்ணி ஏத்துறதுக்கு முன்னால சைக்கிள் பம்பால கொஞ்சம் வெறுங்காத்தை அடிச்சு வச்சா கடைசி வரைக்கும் வேகம் நிக்கி. பைப்போட மூக்குக்குப் பின்னால குளிர்பானம் உறியிற குழல்களைக் கத்தையாத் திணிச்சோம், சுழல் அடங்கி நேரா வந்துது. முகத்தைப் பாத்து அடிக்கக் கூடாதுன்னு மட்டும் கிழவர்கிட்டச் சத்தியம் வாங்கிட்டேன்.

திங்கக்கிழமை காலையில பேரன்மார் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பிடிச்சுது மழை. மூணும் ஓடி ஒளிய இடமில்லாம நின்னுச்சுக. பெறகு என் மேலயும் ஊத்திட்டானுக. மத்தியானம் அவுக வீட்டுலதான் சாப்பாடு. ஜூரெக்னு புளிச்ச மாவுல ஒரு சூப், முட்டை மிதக்கு. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த அம்மா போட்டுக்கிட்டே இருந்தாக.

ராத்திரி ரூமுக்கு வந்து உங்க நோட்டீசை எடுத்துப் பாத்தேன். வைகாசிக் கொடை, மூணாம் நாள் மஞ்சள் நீராட்டுன்னு போட்டிருக்கு. அம்மன் கோயில் வாசல்ல அண்டா அண்டாவா மஞ்சத்தண்ணி கலக்கி வச்சு, மைனி சித்தப்பாவை விரட்டி விரட்டி ஊத்துவாளே. எனக்கு அதுக்கு மேல படிக்க முடியலைப்பா. ஈரச் சட்டையோடயே உக்காந்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். கொடை வரியை அண்ணனைக் கட்டச் சொல்லுங்க, நான் அவனுக்கு அனுப்பிருதேன். இந்த மாசப் பணம் பத்து நாள் தள்ளி வரும், ஓவர்டைம் கொஞ்சம் குறைச்சல், வேற ஒண்ணுமில்லை.

பட்டறையை ஒருத்தர் விலைக்குக் கேக்காகன்னு எழுதியிருந்தீங்க. தங்கச்சி கல்யாணத்துக்குன்னா நான் குறுக்க நிக்கலை, ஆனா அட்வான்ஸ்னு ஒரு ரூபாய் கைநீட்டி வாங்கிராதீங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லதானே இருக்கு? பெரியப்பாவும் ரெண்டு அத்தைமாரும் கையெழுத்துப் போடாம கிரயம் நிக்காது. வீரவநல்லூர் அத்தைகிட்ட நீங்க நேர்ல போய்ச் சொல்லணும், ஆள் மூலமாச் சொல்லிவிட்டா முறுக்கிக்கிடுவா. வாரிசுச் சான்றிதழுக்கு அண்ணன் இ-சேவை மையத்துல எழுதிக் குடுக்கட்டும். கட்டடம் போனாலும் வைசும் பெரிய பைப் ரெஞ்சும் போகக்கூடாது, ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருங்க.

பாளையங்கோட்டைக்குப் போய்க் காதைக் காட்டினீங்களா இல்லையா? அதை எழுதவே இல்லை. அம்மாகிட்ட எள்ளு ஒரு கிலோ கேட்டேன்னு சொல்லுங்க. தேங்காய் எண்ணெயும்.

உங்கள் அன்பு மகன்,
சின்னவன்