காரைப் பார்க்குமுன் பெயரைத் தீர்மானியுங்கள்

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி, ஆவணியில் கனடா, லண்டன், சுவிஸ், ஜேர்மனி என்று பல பக்கமிருந்தும் ஊருக்கு வருகிறீர்கள். சிலர் ஓய்வெடுத்துக்கொண்டு உவர்மலையிலோ உப்புவெளியிலோ வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டீர்கள். நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்தும் வெள்ளைக்காரர்களும் எங்களிடம் வருவதுண்டு. எல்லோரும் கேட்பது, "எந்தக் கார் நல்லது?" நாங்கள் திருப்பிக் கேட்பது, "யாருடைய பெயரில் எழுதப் போகிறீர்கள்?" இப்படிக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் பிறந்தது திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் என்றாலும், வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இங்கே வெளிநாட்டவர். ஒன்பது எண்ணும் கடைசியில் 'வி'யும் போட்ட பழைய அடையாள அட்டை இன்னும் அலுமாரிக்குள் இருக்கும். அதைக் காட்டி வாகனம் எழுதித் தரச்சொல்லிக் கேட்காதீர்கள், நாங்கள் எழுதமாட்டோம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் கதையே வேறு, உள்ளூர்க்காரர் போலவே எல்லாம் நடக்கும். வதிவிட விசாவில் இருப்பவர் கடவுச்சீட்டையும் விசாப் பக்கத்தையும் கொண்டு வரவேண்டும். சுற்றுலா விசாவில் வந்து நிற்பவருக்கு நாங்கள் கார் விற்பதில்லை. ஆறு கிழமைக்குத்தான் வண்டி தேவை என்றால் வாடகைக்கு எடுப்பதே மலிவு. எங்களுக்கு வியாபாரம் போனாலும் அதுதான் உண்மை.

"அப்படியென்றால் மச்சான் பெயரில் போடுங்கோ" என்பார்கள் அடுத்ததாக. மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தால் கார் அவருடையது. விபத்து நடந்து காப்புறுதிப் பணம் வந்தால் அவருக்குத்தான் வரும். அவர் கடன்பட்டு வழக்கு வந்தால் அந்தக் காரும் அவருடைய சொத்தாகவே பார்க்கப்படும். அவர் கண்ணை மூடினால் உங்கள் காசில் வாங்கிய கார் அவருடைய பிள்ளைகளின் முதுசம். அப்போது நீங்கள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் கத்திப் பயனில்லை. அப்படியும் உறவினர் பெயரில்தான் எழுதுவது என்று முடிவெடுத்தால், கொடுத்த பணம் யாருடையது, விற்றால் யாருக்கு என்பதை ஒரு நொத்தாரிசிடம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை வங்கி வழியாக அனுப்பி அந்தத் துண்டையும் கவனமாக வையுங்கள்.

அதைவிட மோசமானது 'ஓபன் பேப்பர்'. விற்றவர் உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து வைத்து, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கடதாசி நாலு கை மாறும். கையெழுத்துப் போட்டவர் செத்திருப்பார், இல்லாவிட்டால் நாட்டைவிட்டே போயிருப்பார். 2022இல் எரிபொருளை வாகனப் பதிவை வைத்துக் கியூ.ஆர். குறியீட்டில் பங்கிட்டுக் கொடுத்தபோது, வாகனம் தன் பெயரில் இல்லாத ஆட்கள் பட்டபாடு இந்த ஊருக்கே தெரியும். எங்களிடம் வாங்கினால் எம்.டி.ஏ. 6, 8 என்ற உரிமை மாற்றப் படிவம் இரண்டும் நிரப்பி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய், உங்கள் பெயரில் புத்தகம் வரும்வரை பின்னால் நிற்பது எங்கள் வேலை.

புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்று இன்னொரு இடம் இருக்கிறது, அதையும் பாருங்கள். அங்கே நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் முடியவில்லை. "கட்டி முடிச்சாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

விலையைக் கேட்டு நீங்கள் திகைப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. "இந்தக் காசுக்கு லண்டனில் ரெண்டு கார் வாங்கலாமே!" வாங்கலாம்தான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் பாவனைக் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் புதிது வராததால் பழைய சுசுகி வாகன் ஆரும் ரொயோட்டா அக்குவாவும் வாங்கிய விலையைத் தாண்டி விற்றன. இப்போது வரும் வண்டிக்கும் சுங்கவரி, உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதிசேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. அந்த வரியில் எங்களுக்கு ஒரு சதமும் இல்லை.

சரி, இனிக் கார். கடற்கரை ஊரில் மைலேஜ் மீற்றரைவிட அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். ஜக்கில் ஏற்றச் சொல்லுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பு, பிரேக் குழாய்கள், மேலதிகச் சில்லு கிடக்கும் பள்ளம் மூன்றிலும் கறள் ஏறியிருந்தால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். அண்மையில் கறுப்பு மை அடித்து மூடியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. இருக்கைப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். வாசத்துக்கு ஏதாவது தொங்கவிட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொஞ்சநேரம் இருந்து பாருங்கள். ஹைபிரிட் என்றால் பற்றரியைச் சோதிக்காமல் முடிவெடுக்கவேண்டாம்.

கையில் வரவேண்டிய மற்றக் கடதாசிகள் காப்புறுதி, புகைச் சான்றிதழ், நடப்பு வருட வருமான அனுமதிப்பத்திரம். இவை சிக்கலில்லை, நாங்களே பார்த்துக்கொள்வோம். சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் உங்கள் பொறுப்பு: உங்கள் நாட்டு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். சுவிஸ், கனடாக்காரர் முதல் இரண்டு நாள் உள்ளூரிலேயே ஓடிப் பழகுங்கள், இங்கே இடப்பக்கம். கொழும்புக்கு இரவில் புறப்படுபவர்கள் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் வேகத்தைக் குறையுங்கள், யானை குறுக்கே வரும்.

திரும்பிப் போகும்போது காரை விற்க ஆளை நியமிப்பதானால், நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். அதில் வாகன இலக்கமும் சேசி இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அன்றோடு முடிந்தது என்பதையும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.

வருவதற்கு முன்பே கடவுச்சீட்டின் முதற்பக்கம், விசாப் பக்கம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உங்கள் பெயரில் எழுதலாமா என்று பார்த்துச் சொல்வோம். அப்புறம் காரைத் தேடலாம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பங்காளி ஜும்மாவுக்குப் போவதால் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை கடையில் ஓட்டிக் காட்ட ஆளில்லை. ஞாயிறு பூட்டு.

அன்புடன்,
உங்கள் வாகன விற்பனை நிலையத்தார்,
திருகோணமலை